முதல் சம்பளமும் முதல் கடனும்



தீபாவளி நெருங்குகிறது. கொழும்பில் கடைகளிலும் ஹோட்டல்களிலும் வீடுகளிலும் வேலை செய்யும் நமது பிள்ளைகள் ஹட்டன் பஸ்ஸிலும் பதுளை ரயிலிலும் நெருக்கியடித்துக்கொண்டு வீடு வந்து சேரப் போகிறார்கள். அம்மாவுக்குச் சேலை வரும், தம்பிக்குச் சப்பாத்து வரும். பலருடைய பையில் வெளியே எடுத்துக் காட்ட முடியாத ஒன்றும் வரும். அது கடன்.

போனுக்கு மாதத் தவணை, முதலாளியிடம் வாங்கிய அட்வான்ஸ், கூட்டாளிக்காகப் போட்ட பிணைக் கையெழுத்து, போனிலேயே அப்ளிகேஷன் மூலம் எடுத்த கடன். பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகளின் இப்படியான பிரச்சினைகளைப் பெற்றோர் சங்கத்திடம் கொண்டுவருவது கடைசிக் கட்டத்தில்தான். தவணை கட்டாத ஓட்டோவைக் கம்பெனி இழுத்துக்கொண்டு போன பிறகு, அல்லது பிள்ளை யாருக்கும் சொல்லாமல் வேலையை விட்டு ஓடி வந்த பிறகு. அதற்கு முன்னரே செய்ய வேண்டியதைப் பற்றியே இம்மாதம் எழுதுகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். “தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் காசின் அருமை தெரியாது, அவர்களுக்குச் சேமிக்கப் பழக்க வேண்டும்” என்று மேடையில் பேசுகிற கனவான்கள் இருக்கிறார்கள். அந்தப் பேச்சோடு நமக்கு உடன்பாடு இல்லை. 2024 செப்டம்பரில் வர்த்தமானியில் வந்தபோது அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாவாக இருந்தது. அப்படியான நாட்சம்பளத்தில், வேலை கொடுத்த நாட்களுக்கு மட்டும் சம்பளம் வாங்கி, அரிசியும் மாவும் பாடசாலைக் கொப்பியும் வாங்கும் ஒரு தாய் செய்கிற கணக்கை எந்த வங்கி முகாமையாளராலும் செய்ய முடியாது. இருக்கிற காசைப் பிரிக்கும் வித்தை நம் வீடுகளில் தாராளமாக இருக்கிறது. போதாத சம்பளத்தை எவ்வளவு நன்றாகப் பிரித்தாலும் அது போதாத சம்பளம்தான். ஆகவே சம்பளப் போராட்டத்துக்குப் பதிலாக உண்டியலைக் கையில் கொடுக்க வருபவர்களைச் சந்தேகத்தோடு பார்ப்பது நியாயமே.

அப்படியானால் பிள்ளைகளுக்கு எதைத்தான் சொல்லிக் கொடுப்பது? கணக்குக் கேட்கச் சொல்லிக் கொடுக்க வேண்டும். எழுத்தில் கேட்க வேண்டும், கூட்டிப் பார்க்க வேண்டும், புரியாவிட்டால் கையெழுத்துப் போட மறுக்க வேண்டும். சிக்கனத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நமது சமூகத்துக்கு இது புதிய விடயம் அல்ல. நம் முன்னோர் காலத்தில் “துண்டு” என்று ஒரு காகிதம் இருந்தது. கங்காணியும் அவருடைய ஆட்களும் தோட்டத்துக்குக் கொடுக்க வேண்டிய கடன் இவ்வளவு, அதைக் கட்டுகிற துரை இந்த ஆட்களைத் தன் தோட்டத்துக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று அதில் எழுதியிருக்கும். கடன் கைமாறும்போது மனிதர்களும் கைமாறினார்கள். தன் பெயரில் எவ்வளவு கடன் எழுதியிருக்கிறது என்று உழைத்தவனுக்கே தெரியாது, கணக்குப் புத்தகம் வேறொருவர் கையில் இருந்தது. 1921ஆம் ஆண்டு சட்டத்தின் மூலம் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. நூறு வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது.

இன்றைக்கு சாதாரண தரப் பரீட்சை முடிந்ததும் லயத்துக்கு வருகிற புரோக்கரைக் கவனியுங்கள். “நல்ல இடம், சாப்பாடு தங்குமிடம் இலவசம்” என்று சொல்லித் தகப்பன் கையில் ஒரு தொகையை அட்வான்சாகக் கொடுக்கிறார். பிள்ளை கொழும்புக்குப் போகிறது. முதல் மாதச் சம்பளம் அட்வான்சில் கழிகிறது. இரண்டாவது மாதம் புரோக்கரின் கமிஷன், பஸ் செலவு, உடைந்த கிளாஸ் என்று ஏதோ ஒன்று. மூன்றாவது மாதம் வீட்டில் சுகயீனம், இன்னொரு அட்வான்ஸ். எவ்வளவு வாங்கினோம், எவ்வளவு கழிந்தது, இன்னும் எவ்வளவு மிச்சம் என்பதற்கு எழுத்து எதுவும் இல்லை, முதலாளி சொல்வதுதான் கணக்கு. வேலையை விட்டுப் போக நினைத்தால் “கணக்கு முடியவில்லை” என்கிறார்கள். காகிதம் இல்லையே தவிர, இதுவும் ஒரு துண்டுதான்.

இதில் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளையின் பெயரில் அட்வான்ஸ் வாங்காதீர்கள். தவிர்க்கவே முடியாவிட்டால் தொகை, திகதி, மாதம் எவ்வளவு கழிப்பது என்று எழுதி இரண்டு பக்கமும் கையெழுத்திட்டு, ஒரு பிரதியைப் பிள்ளை கையில் கொடுத்து அனுப்புங்கள். பதினாறு வயது முடியாத பிள்ளையை வேலைக்கு அனுப்புவது சட்டப்படி குற்றம். அந்த வயதுவரை பாடசாலைக் கல்வி கட்டாயம். இதில் நாம் யாருக்கும் சாக்குச் சொல்லப் போவதில்லை.

அடுத்தது சம்பளச் சிட்டை. தோட்டத்தில் நமக்கு மாதாமாதம் சிட்டை வருகிறது. அதில் எத்தனை நாள் பேர், எத்தனை அரைப்பேர், மேலதிகக் கொழுந்து எத்தனை கிலோ, சேமலாப நிதிக்கு எவ்வளவு, சங்கச் சந்தா எவ்வளவு, தீபாவளி முற்பணத்தில் எவ்வளவு கழிந்தது என்று எல்லாம் இருக்கிறது. சம்பளம் எடுத்த அன்றே அதைக் கசக்கி எறிபவர்கள் நம்மில் அதிகம். அதை எறியாதீர்கள். ஒன்பதாம் பத்தாம் வகுப்பில் படிக்கிற பிள்ளையை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார வைத்து, அந்தச் சிட்டையை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அம்மா கலண்டரில் குறித்து வைத்த நாட்களும் சிட்டையிலுள்ள நாட்களும் சரியா என்று பார்க்கச் சொல்லுங்கள். தவறு இருந்தால் மறுநாள் தலைவரிடம் சொல்லலாம். தவறு இல்லாவிட்டாலும் பிள்ளை ஒன்றைக் கற்றுக்கொள்ளும். தீபாவளி முற்பணம் தோட்டம் தரும் அன்பளிப்பு அல்ல, அடுத்து வரும் மாதங்களில் அம்மாவின் சம்பளத்திலிருந்து திருப்பிப் பிடிக்கப்படும் கடன் என்பது பல பிள்ளைகளுக்குத் தெரியவே தெரியாது. தெரிந்தால் தீபாவளிக்கு என்ன கேட்பது என்பதைப் பிள்ளையே யோசிக்கும். நாம் திட்டத் தேவையில்லை.

சிட்டை வாசிக்கத் தெரிந்த பிள்ளை கொழும்பில் கடைக்குப் போனால் சிட்டையைக் கேட்கும். அங்கேதான் பெரிய தொகை இருக்கிறது. “உனக்கு ஈ.பி.எப். எதுவும் பிடிக்க மாட்டோம், முழுச் சம்பளமும் கைக்கு வரும்” என்று முதலாளி சொன்னால் பதினெட்டு வயதுப் பிள்ளைக்குச் சந்தோஷமாக இருக்கும். கணக்கைப் பாருங்கள். மாதம் 30,000 ரூபா சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளி 8 வீதம், அதாவது 2,400 ரூபா கொடுக்கிறார். முதலாளி தன் கையிலிருந்து 12 வீதம், 3,600 ரூபா போட வேண்டும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு இன்னொரு 3 வீதம், 900 ரூபா, அதுவும் முதலாளியுடையதே. பிள்ளையின் 2,400 ரூபாவை மிச்சம் பிடித்துக் கொடுப்பதாகச் சொல்கிறவர், மாதம் 4,500 ரூபாவைத் தான் மிச்சம் பிடித்துக்கொள்கிறார். வருடத்துக்கு 54,000 ரூபா. மூன்று வருடம் அந்தக் கடையில் நின்றால் 162,000 ரூபா. எந்தச் சேமிப்பு வகுப்பும் ஒரு கடைப் பையனுக்கு இவ்வளவு காசைச் சேர்த்துக் கொடுக்காது.

இன்னும் மோசமான ஆட்கள் உண்டு. 8 வீதத்தைப் பிள்ளையின் சம்பளத்தில் பிடித்துவிட்டு நிதிக்கு அனுப்பாமல் வைத்துக்கொள்கிறவர்கள். இது திருட்டு. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே அங்கத்துவ இலக்கத்தைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். கடைக்குக் கடை மாறுகிற பிள்ளைகள் ஒவ்வொரு இடத்து இலக்கத்தையும், சேர்ந்த திகதியையும் விலகிய திகதியையும் ஒரே கொப்பியில் எழுதி வைக்கட்டும். இருபது வருடத்துக்குப் பிறகு அந்தக் கடை இருக்காது, முதலாளியும் இருக்க மாட்டார், இலக்கம் இருந்தால் காசு இருக்கும். பெண்களுக்கு 50 வயதிலும் ஆண்களுக்கு 55 வயதிலும் எடுக்கக்கூடிய காசு அது. நம்பிக்கைப் பொறுப்பு நிதியை வேலையிலிருந்து விலகும்போதும் எடுக்கலாம், ஐந்து வருடத்துக்கு ஒரு முறை என்ற கட்டுப்பாட்டோடு.

தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளமும் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 2025 ஏப்ரல் முதல் அது 27,000 ரூபா, 2026 ஜனவரியிலிருந்து 30,000 ரூபா. வீடுகளில் வேலை செய்யும் பிள்ளைகளை இந்தச் சட்டமும் சேமலாப நிதிச் சட்டமும் வெளியே நிறுத்தி வைத்திருப்பது பெரிய அநீதி. தோட்டத்துப் பெண் பிள்ளைகள் அதிகம் போவது அந்த வேலைக்குத்தான் என்பதால், அந்த அநீதியின் பாரம் நம் தலையில்தான் அதிகம் விழுகிறது. அதைத் தனியாக இன்னொரு இதழில் எழுதுவோம்.

இனிக் கடனுக்கு வருவோம். வட்டியை வீதத்தில் சொன்னால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. “நூற்றுக்குப் பத்து” என்பது சின்னதாகத்தான் காதில் விழும். நம் பிள்ளைகளுக்கு வட்டியைப் பேரில் கணக்குப் பார்க்கப் பழக்க வேண்டும் என்பது எமது யோசனை. மாதம் நூற்றுக்குப் பத்து வட்டிக்கு 10,000 ரூபா வாங்கினால், வருடத்துக்கு 12,000 ரூபா வட்டி. அந்த 1350 ரூபா நாட்சம்பளப்படி பார்த்தால், அம்மா ஏறக்குறைய ஒன்பது நாள் மலையில் நின்று கொழுந்தெடுத்த பேர் வட்டிக்கே போய்விடும். முதல் பத்தாயிரம் அப்படியே நிற்கும். 60,000 ரூபா பெறுமதியான போனை மாதம் 6,500 ரூபா வீதம் பன்னிரண்டு தவணையில் எடுத்தால் மொத்தம் 78,000 ரூபா கட்டுகிறோம். மேலதிகமான 18,000 ரூபா அதே நாட்சம்பளப்படி பதின்மூன்று நாள் பேருக்கும் மேல். அந்தப் போன் பதின்மூன்று நாள் மழைக்கும் அட்டைக்கடிக்கும் பெறுமதியானதா? சில பிள்ளைகளுக்குப் பெறுமதியாகவே இருக்கலாம், வேலைக்குப் போன் அவசியமாக இருக்கலாம். முடிவு அவர்களுடையது. கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு எடுத்த முடிவாக இருந்தால் போதும்.

லீசிங், நுண்கடன்காரர்கள் சொல்கிற வட்டியில் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. 100,000 ரூபா கடன், வருடத்துக்கு 24 வீதம் வட்டி, மொத்தம் 124,000 ரூபா, பன்னிரண்டு மாதத்தில் சமமாகக் கட்டு என்பார்கள். கேட்பதற்கு நியாயமாக இருக்கும். ஆனால் முதல் மாதமே நாம் கடனைத் திருப்பிக் கட்டத் தொடங்கிவிடுகிறோம். ஆறாவது மாதம் முடியும்போது ஏறக்குறைய பாதிக் கடன் தீர்ந்துவிட்டது. வட்டியை மட்டும் கடைசி மாதம்வரை முழு ஒரு லட்சத்துக்கும் போடுகிறார்கள். உண்மையில் கையில் நின்ற காசுக்குப் பார்த்தால் அந்த வட்டி வருடத்துக்கு 40 வீதத்தையும் தாண்டும். “குறைந்து செல்லும் மீதிக்கு வட்டியா, முழுத் தொகைக்கும் வட்டியா?” என்று கேட்க ஒரு பிள்ளைக்குத் தெரிந்தால், எதிரில் இருக்கிற கடன் உத்தியோகத்தர் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார். ஒப்பந்தம் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருந்தால் தமிழில் கேளுங்கள். தர முடியாது என்றால் கையெழுத்தும் முடியாது.

பிணை நிற்பது பற்றிப் பலர் இலேசாக நினைக்கிறார்கள். “சும்மா ஒரு கையெழுத்துத்தானே, மச்சான்” என்று கூட்டாளி கேட்பான். கடன் தகவல் பணியகத்தில், நாம் ‘கிறிப்’ என்று சொல்கிற இடத்தில், வாங்கியவர் பெயரோடு பிணை நின்றவர் பெயரும் பதிவாகிறது. கூட்டாளி கட்டாமல் விட்டால், பத்து வருடம் கழித்து வீடு கட்ட வங்கிக்குப் போகிற நம் பிள்ளைக்குக் கதவு மூடியிருக்கும்.

போன் அப்ளிகேஷன் கடன், போனில் பந்தயம், “ஐந்து பேரைச் சேர்த்தால் இலட்சாதிபதி” என்கிற பிரமிட் வியாபாரம் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. மூன்றையும் விட்டு விலகியே நிற்க வேண்டும். பிரமிட் திட்டங்கள் வங்கிச் சட்டத்தின் கீழ் தடை செய்யப்பட்டவை, மத்திய வங்கி அவற்றின் பெயர்களையும் வெளியிட்டிருக்கிறது. புதிதாகப் பரவுகிற ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறோம். “உன் வங்கிக் கணக்கைக் கொஞ்ச நாளைக்குக் கொடு, ஏ.டி.எம். அட்டையைக் கொடு, மாதம் ஐயாயிரம் தருகிறேன்” என்று யாராவது கேட்டால் கொடுக்கக் கூடாது. மோசடிக் காசு அந்தக் கணக்கில் வந்து போகும். பொலிஸ் தேடி வருவது கணக்குச் சொந்தக்காரனைத்தான்.

சீட்டைப் பற்றியும் கேட்பீர்கள். வங்கிக்காரர்கள் சீட்டை ஏளனம் செய்வார்கள், நாம் செய்ய மாட்டோம். ஒரே லயத்துப் பெண்கள், ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள், சின்னத் தொகை, மாதாமாதம் எழுத்தில் கணக்கு என்று நடக்கிற சீட்டு எத்தனையோ வீட்டில் காது குத்தும் சடங்கையும் கல்யாணத்தையும் நடத்தி வைத்திருக்கிறது. டவுனில் யாரோ ஒருவர் பெரிய தொகைக்குப் பிடிக்கிற சீட்டில் போடுவது வேறு கதை. ஆள் ஓடினால் யாரிடம் போய் நிற்பது?

வெளிநாட்டில் தாய் இருக்கிற வீடுகளை நினைத்தால் மனம் கனக்கிறது. அம்மா குவைத்திலோ சவூதியிலோ இருந்து அனுப்புகிற காசில் பதினாறு பதினேழு வயது மகள் தம்பி தங்கைகளை வைத்து வீட்டை நடத்துகிறாள். கடைப்பற்று, மின்சாரப் பட்டியல், டியூஷன் காசு எல்லாம் அவள் தலையில். தகப்பன் குடிப்பவராக இருந்தால் காசு வருகிற நாள் வீட்டில் சண்டை நாள். வெளிநாட்டுக்குப் போகுமுன் அம்மா தன் பெயரில் ஒரு கணக்கைத் திறந்து, வீட்டுச் செலவுக்கான தொகையை மட்டும் வேறொரு கணக்குக்கு அனுப்புகிற ஏற்பாட்டைச் செய்து வைக்க வேண்டும். தேசிய சேமிப்பு வங்கிக் கணக்கைத் தபால் கந்தோரிலும் நடத்தலாம் என்பதால் டவுனுக்கு ஓடவும் தேவையில்லை. இப்படியான வீட்டுப் பிள்ளையை மாதர் பிரிவுத் தலைவிகள் மாதம் ஒரு முறையாவது போய்ப் பார்த்து, கணக்குக் கொப்பியைச் சேர்ந்திருந்து பார்க்க வேண்டும்.

பெற்றோரிடம் இன்னும் ஒரு விடயம். பிள்ளை முதல் சம்பளத்தைக் கொண்டு வந்தால் முழுவதையும் வாங்கிக்கொள்ளாதீர்கள். வீட்டின் தேவை நமக்குத் தெரியும், இருந்தாலும் சொல்கிறோம். மாதம் வீட்டுக்கு இவ்வளவு, உன் கையில் இவ்வளவு என்று பேசி ஒரு தொகையை நிச்சயித்துக்கொள்ளுங்கள். தன் கையில் காசே வைத்திராத பிள்ளை எப்படிக் காசை நடத்தப் பழகும்? முழுவதையும் கேட்டால் அடுத்த மாதத்திலிருந்து பிள்ளை சம்பளத்தை மறைக்கும். பிறகு கடனையும் மறைக்கும். பிரச்சினையைச் சின்னதாக இருக்கும்போதே வீட்டில் சொல்கிற தைரியம் பிள்ளைக்கு இருக்க வேண்டுமானால், சொன்னவுடன் கை ஓங்காத தகப்பன் வேண்டும்.

ஆகவே தோட்டத் தலைவர்களிடமும் தலைவிகளிடமும் இளைஞர் அணித் தோழர்களிடமும் ஒரு வேண்டுகோள். தீபாவளிக்குப் பிள்ளைகள் வீட்டில் இருக்கிற நாட்களில் ஒரு பின்னேரம், பிள்ளை மடுவத்திலோ கோயில் மண்டபத்திலோ அவர்களைக் கூட்டுங்கள். வங்கியிலிருந்து ஆள் பிடித்துப் புதுக் கணக்குத் திறக்க வைக்கிற கூட்டமாக இது ஆகிவிட வேண்டாம். நமது தோட்டத்திலேயே படித்து ஆசிரியராகவும் எழுதுநராகவும் இருக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களைப் பேச வையுங்கள். கடனில் மாட்டி மீண்டு வந்த ஒரு அண்ணன் முன்வந்து பேசினால் அதைவிடச் சிறந்த பாடம் இல்லை. விரும்பாதவரை வற்புறுத்த வேண்டாம். பேச்சு அரை மணித்தியாலம் போதும், மிச்ச நேரம் பிள்ளைகள் கொண்டு வந்த சிட்டையையும் ஒப்பந்தத்தையும் தவணை அட்டையையும் சேர்ந்து உட்கார்ந்து வாசியுங்கள்.

சிட்டையே இல்லாத பிள்ளைகளின் விபரத்தைத் தனியாக எழுதி எடுங்கள். கடையின் பெயர், முகவரி, வேலைக்குச் சேர்ந்த திகதி, மாதச் சம்பளம், அட்வான்ஸ் வாங்கியிருந்தால் அதன் தொகை, பிள்ளையின் அடையாள அட்டை இலக்கம் என்பன போதும். பிள்ளையின் சம்மதத்தோடு அந்தத் தாளைச் சங்கத்தின் மாவட்டக் காரியாலயத்தில் ஒப்படைத்தால், சேமலாப நிதி செலுத்தப்படுகிறதா என்று தொழில் திணைக்களத்திடம் எழுத்து மூலம் கேட்கலாம். பிள்ளைகள் கொழும்புக்குத் திரும்புகிற பஸ் ஏறுமுன் இந்தத் தாள்கள் எழுதி முடிந்திருக்க வேண்டும்.